இடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? பழைய வீட்டில் கடை வைப்போருக்குச் சில விவரங்கள்

சென்ற மாதம் என் நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தார். வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு பழைய வீட்டை அவர்கள் குடும்பம் வாங்கியிருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நூறு வருஷத்துக்கு முந்தைய அமைப்பு. "இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துப் பட்டுக் கடை போடலாம் என்று இருக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், பெரியப்பா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலில் ஒரு பகுதி நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் அவரிடம் முதலில் சொன்னது லண்டனில் இருக்கும் ஒரு ஒயின் கடையைப் பற்றி. அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் கம்பி வலையும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். அந்த வியாபாரத்துக்கு நான் யாரையும் அழைக்கவும் இல்லை, அழைத்தாலும் நடக்காது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971-ல் அது தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் ஏற்பட்டு மொத்த விற்பனை அரசாங்கத்தின் கைக்குப் போனது. 2003-ல் சில்லறை விற்பனையும் போனது. ஆகவே தனியார் கடைக்கு இங்கே இடமே இல்லை. ஆனால் பழைய கட்டடத்தைக் கெடுக்காமல் உயர்ந்த சரக்கை எப்படி வைப்பது, வாடிக்கையாளரை உட்கார வைத்து எப்படிக் காட்டுவது என்பதில் அந்தத் தொழில்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கடையின் பெயர் பெர்ரி பிரதர்ஸ் அண்டு ரட். செயின்ட் ஜேம்ஸ் தெரு, மூன்றாம் எண். எதிரே அரண்மனை. 1698-ல் போர்ன் என்ற விதவைப் பெண்மணி தொடங்கியது. அந்த அம்மாள் வைத்தது ஒயின் கடை அல்ல, நம்மைப் போல மளிகைக் கடை. காப்பிக் கடைகளுக்குக் கொட்டை சப்ளை செய்தார்கள். அதனால்தான் காப்பி அரைக்கும் யந்திரத்தின் படம் போட்ட பலகை கடைக்கு அடையாளமானது. சரக்கு நிறுக்க ஒரு பெரிய தராசு வைத்திருந்தார்கள். 1765-லிருந்து வாடிக்கையாளர்களையே அதில் உட்கார வைத்து எடை பார்த்துப் பேரேட்டில் எழுதத் தொடங்கினார்கள். பைரன் என்ற பெரிய கவிஞரின் எடையும் அதில் இருக்கிறது. மூட்டை நிறுக்கும் தராசில் மனிதரை நிறுத்து, அதையே மூன்று தலைமுறைக்குப் பேசவைக்கும் விளம்பரமாக்கிய புத்தியை என்ன சொல்வது! நம்மில் எத்தனை பேர் தாத்தா காலத்துத் தராசை இரும்புக்குப் போட்டோம் என்று எண்ணிப் பார்த்தேன். நானும் போட்டவன்தான்.

இந்தக் கடையை நான் நேரில் பார்த்ததில்லை. படித்தும், போய் வந்தவர்கள் சொல்லியும் தெரிந்துகொண்டதுதான். மரத்தளம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. சுவரெல்லாம் மரப்பலகை. வெகுகாலம் அங்கே பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைக்கும் வழக்கமே கிடையாது. வந்தவரை நாற்காலியில் உட்கார வைப்பார்கள், என்ன விசேஷம், எத்தனை பேர் என்று கேட்பார்கள், நிலவறையிலிருந்து சரக்கு மேலே வரும். நம் ஊர்ப் பட்டு வியாபாரமும் இப்படித்தானே இருந்தது? கூடத்தில் பாய் விரித்து, கல்யாணப் பெண்ணின் தாயாரிடம் விவரம் கேட்டு, உள்ளே பீரோவிலிருந்து பத்துப் புடவை எடுத்து வந்து பிரித்துப் போட்டார்கள். கடை என்றால் சரக்கைக் குவிக்கும் இடம் என்ற எண்ணம் பின்னால் வந்தது.

1967-ல் அவர்கள் பெரும்பாலான சரக்கை ஊருக்கு வெளியே பேசிங்ஸ்டோக் என்ற இடத்துக் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். நிலவறைகளில் சில பின்னால் விருந்துக்கும், ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூட்டங்களுக்கும் ஆயின. 2017-ல் சில்லறைக் கடையைப் பக்கத்தில் பால் மால் வீதியில் புதிதாக அமைத்துக்கொண்டு, பழைய கடையை வாடிக்கையாளருடன் உட்கார்ந்து பேசும் இடமாக வைத்துக்கொண்டார்கள். பழைய கட்டடத்தின் மேல் பாரத்தையும் கூட்டத்தையும் ஏற்றாமல், அதற்கு எது தாங்குமோ அதை மட்டும் கொடுத்தார்கள். என் நண்பர் மகனிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். ஸ்டாக் வேறு இடத்தில் இருக்கட்டும். இந்த வீட்டில் பார்ப்பதும் பேசுவதும் நடக்கட்டும்.

இனி சுவைத்துப் பார்க்கும் அறை. ஒயினுக்கு வெயில் ஆகாது, சூடு ஏறி இறங்குவது ஆகாது. கார்க் காய்ந்து போகாமலிருக்கப் பாட்டிலைப் படுக்க வைக்கிறார்கள். பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி குளிர்ச்சி ஒரே சீராக இருந்தால் நல்லது என்கிறார்கள். பார்க்கும் மேஜை வெள்ளையாக இருக்கவேண்டும், அப்போதுதான் நிறம் தெரியும். வாசனை எதுவும் கூடாது. காலையில் கடை திறந்து சாம்பிராணி போடுகிற நம் வழக்கம் அங்கே உதவாது. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்குத் தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். இது ஏதோ வெள்ளைக்காரர் வேடிக்கை என்று நினைக்கவேண்டாம். 1963-லிருந்து குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறதே, அந்தத் தொழிலில் சுவை பார்ப்பவர்களும் வரிசையாகக் கோப்பை வைத்து, ஒரே அளவு இலை, ஒரே அளவு நேரம் ஊறவிட்டு, உறிஞ்சிப் பார்த்துத் துப்பத்தான் செய்கிறார்கள். மஹாராஷ்டிரத்தில் நாசிக்கில் திராட்சைத் தோட்டக்காரர்கள் சுவைக்கும் அறை அமைத்து, அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள்.

பட்டுக்கு இதில் என்ன பொருத்தம்? வெளிச்சம்தான். காந்தி ரோட்டில் எந்தக் கடையிலும் பாருங்கள், வாங்க வந்த அம்மாள் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். விளக்கடியில் தெரியும் அரக்கு வேறு, வெளியே தெரியும் அரக்கு வேறு. லட்ச ரூபாய் செலவில் விளக்குப் போட்ட கடைக்காரரை அந்த அம்மாள் நம்பவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். பழைய வீட்டில் முற்றம் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பட்டப்பகலில் நேர்வெயில் படாத வெளிச்சம் கிடைக்கும். வடக்குப் பார்த்த பக்கமானால் இன்னும் சீராக இருக்கும். அங்கே வெள்ளைத் துணி விரித்த மேடை போட்டால் போதும், யாரும் வாசலுக்கு ஓடமாட்டார்கள். ராத்திரி வியாபாரத்துக்கு விளக்கு வாங்கும்போது சி.ஆர்.ஐ. அளவு 90-க்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு அது அளவுகோல்.

கட்டட விஷயத்தில் நான் பாடம் கற்றது சொந்தப் பணத்தில். 1994-ல் என் தகப்பனார் கட்டிய மளிகைக் கிட்டங்கியின் மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டேன். தேக்கு விட்டத்தின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த தளம் அது. ஒரு விட்டம் உளுத்திருந்தது, அவ்வளவுதான். அதை மட்டும் மாற்றியிருக்கலாம். அடுத்த சித்திரையிலேயே வெல்லம் கசிந்தது, புளி இளகியது. மின்விசிறிக்கும் சாக்குக்கும் கொடுத்த பணத்தில் பத்து விட்டம் மாற்றியிருப்பேன்.

சுவர் இன்னொரு விஷயம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கூலியும் அதிகம், இருந்தாலும் தேடுங்கள். அலமாரிகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டாமல் தரையில் நிற்கும்படி செய்யுங்கள். மரத்தளத்து மாடியில் சரக்கு ஏற்றாதீர்கள். கரண்ட் கம்பியைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் குழாயில் வெளியே ஓட்டலாம். மின்சார வேலையில் மட்டும் சிக்கனம் வேண்டாம், மரமும் பட்டும் சேர்ந்த இடம். பொய்க்கூரை போட்டு மேல்தளத்தை மறைப்பவர்கள், ஒழுகுவது தெரியாமல் போய் ஒருநாள் மொத்தமாக நனைவார்கள்.

இதையெல்லாம் அழகுக்காகச் சொல்கிறேன் என்று நண்பரின் மகன் நினைத்துக்கொண்டிருந்தார். "அழகு இருக்கட்டும், பெரியப்பா. மூன்று மாடி கட்டினால் மூன்று மடங்கு இடம். அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்" என்றார். நான் வேறொரு கணக்கைச் சொன்னேன்.

வைகுண்டப் பெருமாள் கோயிலும் கைலாசநாதர் கோயிலும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்தீஸ்வரர், மாதங்கீஸ்வரர் கோயில்களும் அப்படியே. 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தை 2010-ல் திருத்தியபோது, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கட்டத் தடை என்று வைத்துவிட்டார்கள். அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம். ஆனால் அதை இடித்துத் தரைமட்டமாக்கியவர் மறுபடி எழுப்ப உரிமை கேட்டு நிற்க முடியாது. கையில் மிஞ்சுவது காலி மனைதான். நகராட்சியில் இருந்த காலத்தில் வாங்கிய பழைய பிளானும், மாநகராட்சியில் வாங்கும் புதிய பிளானும் இந்தத் தடையை நீக்காது. இடைத்தரகர் யாராவது "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் நம்பவேண்டாம். கிரயம் பேசும் முன்னரே சர்வேயரை வைத்துத் தூரத்தை அளந்துவிடுங்கள்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. மறுநாளே அளந்து பார்த்தார்கள். எழுபது மீட்டர்கூட இல்லை.

இப்போது பழுதுபார்க்கும் அனுமதிக்கு மனு தயாராகிறது. சரக்குக்கு ஒலிமுகமதுப்பேட்டைப் பக்கம் ஒரு கிட்டங்கி பார்த்திருக்கிறார்கள். திண்ணையைக் காலணி விடும் இடமாக்காமல், புடவை பார்க்க வந்த குடும்பத்தில் ஆண்கள் காத்திருக்கும் இடமாக வைக்கச் சம்மதித்துவிட்டார். முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டு ஏ.சி. வைக்கவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறார். சித்திரை வெயிலில் கண்ணாடிக்கு அடியில் ஒரு மணி நேரம் அவரை உட்கார வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.