பியானோ, படிக்கட்டு, பேராசிரியர்

லோறல் - ஹார்டி இரட்டையரின் 'த மியூசிக் பொக்ஸ்' (1932) பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சிசிபஸை அழைத்து வந்துவிடுகிறார்கள். பாறையை மலையேற்றும் கிரேக்கத் தொன்மத்தோடு, பியானோவைப் படியேற்றும் இந்த அரைமணி நேரப் படத்தை ஒப்பிடுவது இலகுவானது. ஆனால் அந்த ஒப்பீடு படத்தின் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து.

ஜேம்ஸ் பரொட் இயக்கி, ஹல் ரோச் தயாரித்த இப்படம் பெருமந்தக் காலத்தில் வெளிவந்தது. நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது. 3 டொலர் 80 சதம் முதலுடன் இருவரும் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் தொடங்குகிறார்கள். ஒரு பெண் கணவனின் பிறந்தநாளுக்கென வாங்கிய தானியங்கிப் பியானோவை வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும். வீடோ நீண்ட படிக்கட்டொன்றின் உச்சியில். (படம்பிடிக்கப்பட்ட படிக்கட்டு, லொஸ் ஏஞ்சல்ஸின் சில்வர் லேக் பகுதியில் 133 படிகளுடன் இன்றும் உள்ளது.)

சிசிபஸின் தண்டனை கடவுளர் விதித்தது. மாற்று வழி கிடையாது. இவர்களுக்கோ வழி இருந்தது. பியானோ மீண்டும் மீண்டும் உருண்டோடி, ஒருவாறு உச்சியை அடைந்த பின்னரே, வண்டி வரக்கூடிய வீதி ஒன்று இருப்பதைத் தபால்காரர் சொல்கிறார். முதலில் படிக்கட்டைக் காட்டியவரும் அவரேதான்! உடனே இருவரும் பியானோவைக் கீழே இறக்கி, குதிரை வண்டியில் ஏற்றி, அந்த வீதியால் கொண்டுவருகிறார்கள். ஆக, இது விதி பற்றிய கதையல்ல. அறிவு ஒருவரிடமும் பாரம் இன்னொருவரிடமும் இருப்பது பற்றிய கதை.

இடையில் படியில் வருகிறார் பேராசிரியர் (பில்லி கில்பேர்ட்). சுற்றிப் போகலாமே என்றதும் தன் பட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கத்துகிறார். அவரது தொப்பி கீழே உருண்டு வீதியில் நசிகிறது. விரிவுரையாளனாக இருந்த நாட்களில் நானும் இக்காட்சிக்குச் சிரித்தவன்தான். ஆனால் பெட்டியின் கீழ்ப்பக்கத்தைத் தாங்குபவனின் முதுகு அன்று என் கண்ணில் பட்டதில்லை. தொழிற்சாலையில் பாரம் தூக்கும் இன்று முதலில் தெரிவது அதுதான். பட்டங்கள் பாரத்தைக் குறைப்பதில்லை. வழிவிடச் சொல்லும் உரிமையை மட்டுமே கோருகின்றன.

வீட்டுக்காரரும் அதே பேராசிரியர்தான். பியானோ என்றாலே வெறுப்பவர். கோடரியால் அதைக் கொத்துகிறார். அப்போது பியானோ அமெரிக்க தேசிய கீதத்தை இசைக்கிறது. அது சட்டப்படி தேசிய கீதமானது 1931இல், அதாவது முந்திய ஆண்டில்தான். கொத்துபவரும் சுமந்துவந்தவர்களும் ஒன்றாக நிமிர்ந்து நின்று மரியாதை செலுத்துகிறார்கள். கீதம் முடிந்ததும் கோடரி தொடர்கிறது.

நாம் விவாதிக்கவேண்டிய இடம் இது என்றே நினைக்கிறேன். கீதம் ஒலிக்கும் கணத்தில் மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசை கோடரி யார் கையில் என்பதை மாற்றவில்லை, பியானோவையும் காப்பாற்றவில்லை. சிசிபஸைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியிலிருந்து நாம் தப்பித்துக்கொள்ளலாம்.