கிரீன் டீயும் கொரோனா கிருமியும்
சிறு தேயிலை விவசாயிகள் அறிய வேண்டியவை

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, தேநீர் குடித்தால் அந்நோய் தீரும் என்ற பேச்சும் கூடவே பரவியது. அதில் உண்மை எவ்வளவு என்பதை, கிரீன் டீ தயாரித்து விற்க எண்ணும் நீலகிரி சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

இலையில் உள்ள பொருள்

தேயிலையின் துவர்ப்புக்குக் கேட்டகின் என்னும் பொருட்கள் காரணம். இவற்றுள் முக்கியமானது இ.ஜி.சி.ஜி. ஆகும். முற்றிய இலையைவிட இளங்கொழுந்தில் இது அதிகம். சாதாரணத் தேயிலைத் தூளுக்கு இலையை நசுக்கிக் காற்றுப்பட வைப்பதால், இலையிலுள்ள நொதி கேட்டகின்களில் பெரும்பகுதியை வேறு பொருட்களாக மாற்றிவிடுகிறது. கிரீன் டீக்கு, நீராவியிலோ சூடான சட்டியிலோ இலையைச் சூடாக்கி அந்நொதியைச் செயலிழக்கச் செய்கின்றனர். ஆகவே கேட்டகின் இலையிலேயே தங்குகிறது.

ஆய்வு கூறுவது

கொரோனா கிருமி பெருகுவதற்கு, நீண்ட புரதத்தைத் துண்டுகளாக வெட்டும் அதன் சொந்த நொதி ஒன்று தேவை. ஆய்வுக்கூடச் சோதனைகளில் இ.ஜி.சி.ஜி. இந்த நொதியைத் தடுக்கிறது. சார்ஸ் கிருமியின் இதே வகை நொதியைச் சாதாரணத் தேயிலையிலுள்ள தியாஃபிளேவின் வகைப் பொருள் ஒன்று தடுப்பதாக 2005-லேயே ஆய்வு வெளிவந்தது.

ஆனால், சோதனைக் குழாயில் கிருமியைத் தடுப்பது வேறு. உடம்பில் நோயைத் தீர்ப்பது வேறு. குடிக்கும் கேட்டகினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேருகிறது. கிரீன் டீ கொரோனாவைக் குணப்படுத்தும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. செறிவூட்டிய மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லி கிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. உட்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்துள்ளது.

கவனிக்க வேண்டியவை

1. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தல் வேண்டும்.

2. பறித்த இலையைச் சாக்கில் அழுத்தித் திணிக்கக் கூடாது. நசுங்கிய இலை சிவந்து தரம் கெடும். நிழலில் காற்றோட்டமாக வைத்து, விரைவில் தொழிற்சாலைக்கு அனுப்புதல் நலம்.

3. தேயிலை வாரியம் அனுமதித்த பூச்சிமருந்துகளை மட்டுமே தெளித்து, குறிப்பிட்ட நாட்கள் கழிந்த பின்னரே பறிக்க வேண்டும்.

4. பொட்டலத்தில் "கொரோனாவுக்கு மருந்து" என்று அச்சிடக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு.

5. சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்ற சரக்கு, பொய் வெளிப்பட்டால் தேங்கிப் போகும். நல்ல கொழுந்தும் சுத்தமான தயாரிப்புமே கிரீன் டீக்கு நிலையான விலையைத் தேடித் தரும்.