போகித் தீ எட்டி எரியட்டும்!

மார்கழி கடைசி நாள். தஞ்சைச் சீமையில் விடியுமுன்பே கொல்லைதோறும் போகி எரியும். பழைய பாயும் கிழிந்த முறமும் தீக்கு இரையாகும். பிள்ளைகள் கொட்டு முழக்குவார்கள்.

பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை. அதை ஒட்டி வைக்கோல் போர். ஒரு பொறி போதாதா? கீற்றில் தீ பற்றினால் என்னவாகும் என்பதைக் கும்பகோணம் அறியும். 2004 ஜூலை 16-இல் பள்ளிச் சமையல்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர்.

ஆகவே, காற்று அடித்தால் கொளுத்தாதீர்கள். கூரைக்கும் போருக்கும் எட்டாத வெட்டவெளியில் சிறிதாக மூட்டுங்கள். இரண்டு குடம் தண்ணீர் அருகில் இருக்கட்டும். டயர், பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்; அந்த நச்சுப் புகை பனிக்கால விடியலில் மேலே எழும்பாமல் வீட்டுக்குள்ளேயே நுழையும். சாம்பலைக் கிளறி, நீர் தெளித்து அணைத்த பிறகே பெரியவர்கள் நகர வேண்டும். மீறிப் பற்றினால் 101-ஐ அழையுங்கள்.

பழையது கழியட்டும், கூரை நிலைக்கட்டும்!