ஐபி போட்டால் வருது, பேர் போட்டால் வரலை

அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் 30 ஆண்டுகளாகக் கேட்டுவரும் புகார் இது. சொல்லும் விதம் அப்படியே இருக்கிறது. கோளாறு ஒளிந்திருக்கும் இடம்தான் மாறிவிட்டது.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மனிதர்கள் பெயரைத்தான் நினைவில் வைக்கிறார்கள். பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் வேலை, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் ஒரே கோப்பில் அடங்கியிருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகியபோது ஒரு பட்டியலால் தாங்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்தப் பொறுப்பைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தது.

அலுவலகங்களுக்குள் டிஎன்எஸ் வரக் காலம் பிடித்தது. தொண்ணூறுகளின் விண்டோஸ் அலுவலகத்தில் இருந்தவை நெட்பயாஸ் பெயர்கள். ஒரு பெயருக்கு 15 எழுத்துகள்தான். அக்கவுண்ட்ஸ் கணினியைத் தேடும் இயந்திரம் தன் நெட்வொர்க்கில் இருக்கும் அத்தனை இயந்திரங்களையும் கூவிக் கேட்கும். பெயருக்குரியது பதில் தரும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. அதனால் கிளை அலுவலகத்து சர்வர் பெயரால் கிடைக்காது. எல்எம்ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் எண்ணையும் கையால் எழுதி, ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டியிருந்தது. பின்னர் விண்டோஸ் என்டியின் வின்ஸ் சர்வர் அந்தச் சுமையைக் குறைத்தது.

அன்றைய கோளாறுகள் கைக்கு எட்டுபவை. இரண்டு கணினிகளுக்கு ஒரே பெயர் வைத்திருப்பார்கள். திரையிலேயே எச்சரிக்கை வந்துவிடும். சர்வரின் ஐபியை மாற்றியவர் ஒரு மேசையின் கோப்பைத் திருத்த மறந்திருப்பார். மேசை மேசையாக நடந்தால் காரணம் அகப்பட்டுவிடும்.

2000இல் விண்டோஸ் 2000 ஆக்டிவ் டைரக்டரியோடு வந்தது. எந்த சர்வரிடம் போய் லாகின் செய்வது என்பதையே கணினி டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கத் தொடங்கியது. அதுவரை பெயர்க் கோளாறு என்றால் பிரிண்டர் கிடைக்காது. இப்போது லாகினே நின்றுபோகலாம்.

அன்று தொடங்கி இன்றுவரை தொடரும் தவறு ஒன்று உண்டு. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்" என்று இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாக வெளியுலக சர்வர் ஒன்றை, இன்றென்றால் 8.8.8.8 போன்றதை, போட்டுவைப்பது. உள் சர்வர் சற்றுத் தாமதித்தாலும் கணினி வெளி சர்வரிடம் போய்விடும். அலுவலகத்தின் உள்பெயர் அதற்குத் தெரியாது. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லிவிடும். கணினிக்கு அதுவும் முழுமையான பதில்தான்; வேறு யாரையும் கேட்காது. அந்த 'இல்லை'யைச் சிறிது நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். காலையில் வந்த சர்வர் மதியம் வராமல் மாலையில் மீண்டும் வருவதற்குப் பல அலுவலகங்களில் இதுவே காரணம்.

இன்று பதில் தருபவர்கள் இன்னும் பெருகிவிட்டார்கள். பழைய பதில்களை நினைவில் வைக்கும் கேஷ் பிரவுசரில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, அலுவலக சர்வரில் ஒன்று. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கெடு. வீட்டு வைஃபையிலிருந்து விபிஎன் வழியாக வரும் லேப்டாப் யாரைக் கேட்கிறது என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. 2018இல் தரப்படுத்தப்பட்ட முறையில், பிரவுசர் தன் கேள்வியை மறைகுறியாக்கி அலுவலக டிஎன்எஸ்ஸைத் தாண்டியே அனுப்பவும் முடியும். ஒரே லேப்டாப்பில் பிரவுசருக்கு ஒரு பதிலும் பிங்குக்கு வேறு பதிலும் கிடைப்பது இப்படித்தான். பழைய கூவலும் வேறு வடிவில் விண்டோஸில் நீடிக்கிறது. உள்ளே நுழைந்துவிட்ட திருடன் பொய்யாகப் பதில் தந்து கடவுச்சொல் தகவலைப் பறிக்க அது வழிவிடுவதால், கவனமுள்ள அலுவலகங்கள் அதை அணைத்துவிடுகின்றன.

ஆகவே, "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்பதோடு "இந்தப் பதிலைத் தந்தது யார்?" என்றும் இன்று கேட்டாக வேண்டும். என்எஸ்லுக்கப் கட்டளை தான் எந்த சர்வரைக் கேட்டது என்பதை முதல் வரியிலேயே காட்டுகிறது. அவசரத்தில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள். அந்தக் கட்டளை கணினியின் கேஷையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்ப்பதில்லை, நேரே சர்வரிடம் போகிறது. பிங் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கும். இரண்டும் வெவ்வேறு எண் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கணினியைத்தான்.

எடுத்த எடுப்பில் கேஷை அழிக்கும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். வேலை அப்போதைக்கு நடக்கும். ஆனால் தவறான பதிலின் தடயமும் சேர்ந்து அழிந்துபோகும், கோளாறு அடுத்த வாரம் திரும்பி வரும். முதலில் கேஷில் இருப்பதைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும், பிறகு அழிக்கலாம். கணினிகளுக்கு உள் டிஎன்எஸ் முகவரிகளை மட்டும் கொடுத்து, வெளியுலகக் கேள்விகளை அந்த சர்வர்களே கேட்டுச் சொல்லுமாறு அமைப்பதே நிலையான தீர்வு. துணைக்கு இன்னொன்று வேண்டுமென்றால், அதுவும் உள்பெயர்கள் தெரிந்த சர்வராகவே இருக்க வேண்டும்.