கல்லூரிக் கல்வியும் எல்லைக் கிராம மாணவரும்

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வெள்ளறடை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இப்பகுதி மாணவருக்குத் தனுவச்சபுரத்திலும் கல்லூரி உண்டு; எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலும் உண்டு. எனினும் எளிய குடும்பத்தினருக்குப் பட்டப்படிப்பு இன்னும் பெருஞ்சுமையாகவே உள்ளது.

கட்டணத்திற்கு அப்பால்

1972இல் தனியார் கல்லூரி ஆசிரியர்களின் ஊதியத்தைக் கேரள அரசு நேரடியாக ஏற்றது. அதனால் அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் கட்டணம் ஒன்றாயிற்று. ஆயினும் சுயநிதிப் பாடங்கள் இவ்வரம்பிற்குள் வருவதில்லை. பேருந்து, புத்தகம், தேர்வு ஆகியவற்றின் செலவுகளும் எஞ்சி நிற்கின்றன. படிக்கும் காலத்தில் குடும்பம் இழக்கும் கூலியும் ஒரு செலவேயாகும்.

2024 ஜூலையில் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. இதில் பாடங்கள் 'கிரெடிட்' என்னும் அலகுகளால் அளக்கப்படுகின்றன. மூன்றாண்டில் 133 கிரெடிட் பெற்றால் பட்டம். நான்காண்டில் 177 பெற்றால் ஹானர்ஸ் பட்டம். அந்த 44 கிரெடிட்டுகள் ஏழை மாணவருக்கு மேலும் ஓராண்டு வருமானமின்மையைக் குறிக்கின்றன. மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையப் பாடங்களைக் கற்பது இலவசம். ஆனால் கிரெடிட் பெறத் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

உதவித்தொகையின் எல்லை

2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம், கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகை செய்தது. தமிழகத்தின் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றிருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே, வெள்ளறடைப் பள்ளியில் பயின்று மார்த்தாண்டத்தில் சேரும் தமிழ் மாணவிக்கு அது கிட்டாது. உடன் பயிலும் தோழிக்குக் கிடைப்பது அவளுக்கு இல்லை.

மாறாக, 1944இல் தோன்றிய பட்டியல் இனத்தவருக்கான மேற்படிப்பு உதவித்தொகையை மாணவரின் சொந்த மாநிலமே வழங்குகிறது. அவர் வேறு மாநிலத்தில் பயின்றாலும் அவ்வுரிமை தொடர்கிறது. ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய்.

இவ்விதியில் ஒரு வழி தென்படுகிறது. மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் கல்லூரிவிட்டுக் கல்லூரி செல்ல 2021இல் 'கிரெடிட் வங்கி' ஏற்பட்டது. கிரெடிட் எல்லை கடக்கும்போது உதவியும் உடன் கடக்க வேண்டும். அண்டை மாநிலங்கள் இரண்டும் தம்முள் உடன்பாடு கண்டால், எல்லைக் கிராம மாணவரின் சுமை பெரிதும் குறையும்.