காவிரியை எந்த வருடத்துக்கு மீட்பது?

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் போகும் பஸ்ஸில் ஏறினால், டிராஃபிக் இல்லாத நேரத்தில் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே இரண்டு ஆற்றுப் பாலங்கள் வந்துவிடும். முதலில் சிந்தாமணியை ஒட்டிக் காவிரி. மாம்பழச்சாலை, திருவானைக்காவல் தாண்டினால் கொள்ளிடம். உண்மையில் இரண்டும் ஒரே ஆறுதான். மேற்கே முக்கொம்பில் பிரிந்து, கிழக்கே கல்லணை அருகே மறுபடி பக்கத்தில் வருகிறது. நடுவில் கிடக்கும் தீவு ஸ்ரீரங்கம்.

"ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே தோன்றும் கேள்வி: எந்தப் பழைய நிலை? எங்கள் தொழிலில் ரோல்பேக் என்று ஒன்று உண்டு. புது வெர்ஷனில் பிரச்சினை என்றால் முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். அதற்கு முந்தைய வெர்ஷன் எது, அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததா என்று தெரிந்திருக்க வேண்டும். காவிரிக்கு அந்த வெர்ஷனைத் தேடிப் போனால் கதை சுவாரசியமாகிறது.

1836க்குப் போவோம். அதற்கு முந்தைய காலத்தில் முக்கொம்பில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அதன் பாதை நேரானது. தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும். தண்ணீர் குறைந்த கிளையில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வந்த மணல் படியும். படிந்தால் படுகை உயரும், உயர்ந்தால் இன்னும் குறைவாகத் தண்ணீர் வரும். ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது. விட்டிருந்தால் காவிரி மெல்லத் தூர்ந்து, தஞ்சை நிலம் காய்ந்திருக்கும். ஆறுகள் இப்படித்தான் தடம் மாறுகின்றன. ஆற்றின் பார்வையில் அது இயல்பு, தஞ்சாவூர் விவசாயியின் பார்வையில் அழிவு.

ஆர்தர் காட்டன் 1836ல் கொள்ளிடத்தின் தலையில் குறுக்கே மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். திருப்பியது கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது! இப்போது காவிரியின் படுகை அரிக்க ஆரம்பித்தது. 1840களிலேயே மேலணையின் ஒரு பகுதி உயரத்தைக் குறைத்து, காவிரியின் தலையிலும் ஒரு தடுப்பு போட்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் போகும் தராசு மாதிரி.

சரி, காட்டனுக்கு முன்னால்? அங்கே கல்லணை இருக்கிறது. கரிகாலன் கட்டியது என்பது மரபு. காவிரி கொள்ளிடத்துக்குள் உடைத்துக்கொண்டு போய்விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலே மேலே போட்டுக் கட்டிய அடித்தளம். மணல் மேல் அணை நிற்கும் என்பதை இதைப் பார்த்துத்தான் காட்டன் கற்றுக்கொண்டார், பிறகு கோதாவரியில் அதையே செய்தார். ஆக, மனிதக் கை படாத காவிரி என்று திருச்சியில் ஒன்றைத் தேடினால் கரிகாலனுக்கும் முன்னால் போக வேண்டும். அந்த ஆறு எப்படி ஓடியது என்பதற்கு வரைபடம் கிடையாது.

இதே சிக்கல் அமெரிக்காவில் வேறு உருவத்தில் வந்தது. ராபர்ட் வால்டர், டோரதி மெரிட்ஸ் என்ற இருவர் 2008ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உயரமான கரைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஒற்றைக் கால்வாய்தான் ஓடையின் இயற்கை வடிவம் என்று பாடப்புத்தகங்கள் நம்பிவந்தன. மீட்டெடுப்புத் திட்டங்களும் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டன. இவர்கள் பென்சில்வேனியாவில் தோண்டிப் பார்த்தால், அந்த உயரமான கரையே பழைய மாவு ஆலைகளுக்காகக் கட்டிய ஆயிரக்கணக்கான சிற்றணைகளின் பின்னால் படிந்த வண்டல்! அடியில் புதைந்திருந்தது சதுப்பு நிலமும் சின்னச் சின்னக் கிளையோடைகளும். அதாவது எல்லோரும் மீட்கப் பார்த்த 'இயற்கை', 200, 300 வருடப் பழைய ஆலைக்காரர்கள் விட்டுப்போனது. பிறகு 2011ல் லங்காஸ்டர் அருகே பிக் ஸ்பிரிங் ரன் ஓடையில் அந்த வண்டலை அள்ளி எடுத்துவிட்டுச் சதுப்பை மீட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நம்மூரிலும் 'தூர்வாரினால் போதும்' என்று யாரும் கிளம்பக் கூடாது. அங்கே பிரச்சினை மண் கூடிப்போனது. திருச்சியில் நேர் எதிர்: மணல் போதவில்லை.

மேட்டூர் அணை 1934ல் வந்தது. அணை தண்ணீரை அப்புறம் திறந்துவிடும், மணலைத் திறந்துவிடாது. பவானிசாகர், அமராவதி அணைகள் 1950களில் வந்து துணை ஆறுகளின் மணலையும் பிடித்துக்கொண்டன. மணல் சுமக்காமல் வரும் தண்ணீரை மத்தியாஸ் கோண்டால்ஃப் என்ற ஆய்வாளர் 1997ல் 'பசித்த நீர்' என்று அழைத்தார். சரியான பெயர். சுமக்கும் வலு இருக்கிறது, சுமை இல்லை. அதனால் போகிற வழியில் படுகையையும் கரையையும் தின்கிறது. மேலிருந்து வரவு குறைந்த இதே ஆற்றில்தான் கீழே பல வருடம் லாரி லாரியாக மணல் அள்ளினோம். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. என்ன ஆகும் என்று சொல்ல ஹைட்ராலஜி தேவையில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது வெளியே தெரிந்தது. 1928ல் கட்டி, புதுப்பாலம் வந்தபின் போக்குவரத்து நிறுத்தியிருந்த கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண் சரிந்து ஒரு பகுதி விழுந்தது. சில நாளிலேயே, 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. கட்டுமானத்துக்கு வயதாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. மணல் குவாரிதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. படுகை ஒரு மட்டத்தில் இருக்கும் என்று நம்பிக் கட்டியவை அவை. மட்டம் இறங்கினால் வயதான கட்டடம் முதலில் விழும், அவ்வளவுதான். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின் கோபுரம் சாய்ந்தது. புதுப்பாலத்தின் அடித்தளத்தைக் காக்கப் போட்ட தடுப்புச்சுவரும் அதே வெள்ளத்தில் போனது. அது வயதானதில்லையே.

பாலம், அணை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம் குடிநீர். கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப் படுகைக்குள் இருக்கும் சேகரிப்புக் கிணறுகளிலிருந்துதான் திருச்சி குடிக்கிறது. இந்தப் பகுதியிலிருந்து குழாய் வழியே ராமநாதபுரம் வரைக்கும் தண்ணீர் போகிறது. அந்தக் கிணறுகளுக்கு ஃபில்டரும் மணல்தான், தொட்டியும் மணல்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட் மணல் 100 கன அடி, சுமார் 2.83 கன மீட்டர். ஆற்று மணல் தன் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரை வைத்திருந்து திருப்பித் தரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் போகும்போது 700 லிட்டர் தொட்டியும் கூடவே போகிறது. ஒரு தடவைக்கு இல்லை, ஒவ்வொரு வருடமும் நிரம்பியிருக்கக்கூடிய 700 லிட்டர்.

எவ்வளவு யூனிட் போனது என்பதில்தான் தகராறு. 2023ல் அமலாக்கத்துறை ஐஐடி கான்பூர் குழுவை வைத்துத் தமிழகத்தின் 28 குவாரிகளை அளக்க வைத்தது. அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி, அரசுக் கணக்கில் வந்த வருவாய் 36.45 கோடி என்பது அத்துறை சொன்ன கணக்கு. வழக்கு தனிக்கதை, அதற்குள் நான் போகவில்லை. அளந்தவுடனேதான் பேச ஒரு எண் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு சின்ன விலகல். ஊருக்குள் ஓடும் உய்யகொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். அதை மீட்பது கருத்தளவில் சுலபம், ஏனென்றால் அதற்கு டிசைன் இருக்கிறது: பேட்டைவாய்த்தலையில் தண்ணீர் எடுக்க வேண்டும், வாழவந்தான்கோட்டை ஏரி வரை கொண்டுபோக வேண்டும், நடுவில் சாக்கடை கலக்கக் கூடாது. செய்கிறோமா என்பது வேறு. என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமில்லை. ஆற்றுக்கு அப்படி ஒரு டாக்குமெண்ட் கிடையாது. அதனால்தான் ஆறு என்றவுடன் கரைக்குச் சிமெண்ட் போடுவது, நடைபாதை, பூங்கா என்று நமக்குத் தெரிந்த வேலைகளில் போய் நிற்கிறோம். நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் நடப்பேன். அதற்கு மீட்டெடுப்பு என்று பெயர் வைப்பதுதான் உறுத்துகிறது.

பிறகு எதை மீட்பது? வருடத்தை விட்டுவிட்டு மணல் கணக்கைப் பிடிக்கலாம் என்பது என் வாதம். ஒரு ஆற்றுப் பகுதிக்குள் வருடத்துக்கு வருகிற மணலும் போகிற மணலும் சமமானால், ஆறு தன் படுகையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே இதே பசித்த நீர்ப் பிரச்சினை. அங்கே 1978 முதல் படகில் சரளையைக் கொண்டுவந்து ஆற்றிலேயே கொட்டுகிறார்கள், வருடா வருடம். நாம் அள்ள, அவர்கள் கொட்டுகிறார்கள்! கொட்ட நம்மிடம் பணம் இல்லை என்றால் அள்ளாமலாவது இருக்கலாம். எம்-சாண்ட் வந்தபின் கட்டுமானத்துக்கு மாற்று இல்லை என்ற பேச்சுக்கும் வலு குறைந்துவிட்டது, அதற்கும் மலையைத்தான் உடைக்கிறோம் என்ற வருத்தம் இருந்தாலும். தடுப்பணைகள் மேல்பக்கப் படுகையைப் பிடித்து நிறுத்தும், கீழ்பக்கம் அரிப்பைக் கூட்டும். அடுத்தடுத்து கட்டிக்கொண்டே போவது ஆற்றைப் படிக்கட்டாக மாற்றும் வேலை.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது அளவு. வெள்ளம் இல்லாத வருடங்களில் கோடையில் கொள்ளிடம் பெரும்பாலும் வெறும் மணல்தான், நாணலும் சீமைக் கருவேலமும் நடுவில். தண்ணீர் மூடாத படுகையை அளப்பது ரொம்பச் சுலபம். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை மே மாதத்தில் ட்ரோன் பறக்கவிட்டு மட்டம் எடுத்து, அந்த டேட்டாவை அப்படியே இணையத்தில் போட்டால் போதும். இரண்டாவது வருட மே மாதத்தில் முதல் வித்தியாசம் கிடைத்துவிடும்: எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது, எங்கே ஏறியது, எந்தத் தூணுக்குப் பக்கத்தில்.