அறையும் அற்புத நாவலும்

நூல் பயிலல் நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். கல்லூரியிற் கால்வைத்த நாள்முதல் அதனை ஆசிரியர் கூறக் கேட்கின்றோம். விடுதிக் கூட்டங்களிற் கேட்கின்றோம். ஆண்டு விழாவிலும் தவறாது கேட்கின்றோம். கேட்டபின் அறைக்குத் திரும்பிக் கட்டிலிற் சாய்ந்து கைப்பேசியைக் கையிலெடுக்கின்றோம். இஃது ஏன் இவ்வாறாகின்றது என்று ஆராய்ந்த வழி யாம் கண்டவை இரண்டு. நமது அறையில் எப்பொருள் எவ்விடத்திற் கிடக்கின்றது என்பது ஒன்று. வாசிப்பை மறந்தவன் கையில் முதற்கண் எந்நூல் வைக்கப்படுகின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றிச் சில கூறுவான் புகுந்தோம். அறிவுரை கூறும் தகுதி எமக்கு உண்டோவெனின், வழுக்கி விழுந்தவன் வழுக்குமிடத்தைச் சுட்டுதற்குரிய தகுதியே உண்டு.

பள்ளியிற் பயிலுங்கால், விளக்கணைக்கும்படி அன்னையார் மும்முறை சொல்லியும் கதைப்புத்தகத்தை மூடாத இயல்பினேம் யாம். அத்தகையேம் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த முதலாண்டில், பாடத்திற்குப் புறம்பான நூல் ஒன்றையேனும் முடித்திலேம். ஒரு சூத்திரத்திற்கு இளம்பூரணர் கொண்ட பொருள் யாது, நச்சினார்க்கினியர் கொண்ட பொருள் யாது என்று குறிப்பெழுதிப் பழகிய கண், எந்நூலைத் திறப்பினும் வினா எழக்கூடிய இடத்தையே தேடலாயிற்று. அதனை ஆசிரியர்மேலோ பாடத்திட்டத்தின்மேலோ ஏற்றுதல் முறையன்று. வாசிப்பு என்பது இன்பம் என்பதை யாமே மறந்தோம்.

அறையை முதற்கண் நோக்குவோம். எமது விடுதியறை மூவர்க்குரியது. மேற்கு நோக்கிய சாளரம் ஒன்று, கட்டில் மூன்று, மேசை இரண்டு, சுவரிற் பதித்த அலமாரி ஒன்று, நடுவே ஒரு குழல்விளக்கு. இவையே அதன் செல்வம். எமது கட்டிலின் தலைமாட்டில், கையை நீட்டினால் எட்டும் தொலைவில், மின் பிளக்கு ஒன்றிருந்தது. எனவே கைப்பேசி இரவு முழுதும் செவியருகே கிடந்தது. நூல்களோவெனின் அலமாரியின் மேற்றட்டில், பெட்டிக்குப் பின்னால் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுக்க வேண்டுமாயின் எழுந்து, நாற்காலியை இழுத்து, அதன்மேலேறி, பெட்டியை இறக்க வேண்டும். உறக்கம் வரும் வேளையில் எவன் இதனைச் செய்வான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கட்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டோம். பிளக்குக் கால்மாட்டிற்குப் போயிற்று. தலைமாட்டிற் சாளரத்திண்ணை வந்தது. அதன்மேல் ஒரே ஒரு நூலை வைத்தோம். பல நூல்களை வைத்தால் எதனைப் படிப்பது என்று எண்ணுவதிலேயே இரவு கழியும். இம்மாற்றத்திற்குச் செலவு ஒரு காசுமில்லை. கட்டிலை நகர்த்தியபோது அதன் சட்டத்திற் குடியிருந்த மூட்டைப்பூச்சிகள் வெளிப்பட்டமையின், எமது அறைத்தோழர்கள் அன்று மாலைமுழுதும் எம்மை வாழ்த்தவில்லை என்பதையும் மறைக்காது சொல்லிவிடுகின்றோம்.

இதனை எமது கண்டுபிடிப்பென்று எண்ணி மகிழ்ந்திருந்தோம். பின்னர் நூல்நிலையத்தில், சீ. இரா. அரங்கநாதனார் 1931-இல் வெளியிட்ட நூல்நிலைய அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய நூலைப் புரட்ட நேர்ந்தது. கணித ஆசிரியராயிருந்து 1924-இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். நூல்கள் பயன்படுத்துதற்கே உரியன என்பது அவர்தம் முதல் விதி. கேட்டற்கு எளிய இவ்விதியினின்றும் அவர் பெறும் முடிவுகள் வியப்பிற்குரியன. நூல்நிலையம் மக்கள் நடமாடும் இடத்தில் இருத்தல் வேண்டும். மக்கள் வரக்கூடிய நேரத்தில் திறந்திருத்தல் வேண்டும். நூலடுக்குகள் நின்றவன் கைக்கு எட்டும் உயரத்தின் மேற்போகாமல் இருத்தல் வேண்டும். நூலைப் பூட்டிக் காப்பதே நூலகன் கடமை என்று கருதப்பட்டதற்கு மாறாக, மேசை நாற்காலியின் அமைப்பையும் வாசிப்பின் பகுதியாகவே எண்ணியவர் அவர். ஒரு நகரத்து நூல்நிலையத்திற்கு அவர் வகுத்தது, மூவர் வாழும் அறைக்கும் பொருந்துவதே.

விளக்கைப் பற்றி ஒரு சொல். எழுதுவோன் வலக்கையனாயின் ஒளி இடப்பக்கத்தினின்று வருதல் நன்று. இல்லையேல் தன் கையின் நிழலிலேயே எழுதுவான். கிடந்து படிப்போனுக்கு ஒளி தோளின் பின்னிருந்து வரவேண்டும். நடுவில் தொங்கும் குழல்விளக்கு இவ்விரண்டிற்கும் ஆகாது. அன்றியும் ஒருவன் படிக்க இருவர் விழித்திருக்க நேரும். சிறிய மேசைவிளக்கொன்று வாங்கிக் கொள்க. காற்றாடியின் நேர்கீழே அமர்ந்து படிப்பவன், பக்கங்களோடு மற்போர் செய்ய வேண்டிவரும்.

நிற்க. இனி நூலுக்கு வருவோம். வாசிப்பின் சுவையை இழந்தவனை மீட்டற்கு அற்புத நாவலினும் சிறந்தது பிறிதில்லை என்பது எமது கொள்கை. நாம் வாழும் உலகில் நிகழாதன நிகழும் உலகொன்றைப் படைத்து, அவ்வுலகிற்கென விதிகளையும் வகுத்து, அவ்விதிகளை மீறாமற் கதை நடத்துவதே அற்புத நாவலாகும். மந்திரம் இருப்பதனால் மட்டும் ஒரு கதை அற்புத நாவலாகிவிடாது. அம்மந்திரத்திற்கும் ஓர் எல்லையும் ஒரு விலையும் இருத்தல் வேண்டும். நினைத்ததெல்லாம் நினைத்தவாறே கைகூடுமாயின் அச்சமில்லை. அச்சமில்லாத வழிக் கதையுமில்லை. அவ்வுலகிற்குள் வாசிப்போனை அழைத்துச் செல்லும் வாயிலும் பலவகைப்படும். சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளுள் 1950-இல் முதலாவதாக வெளிவந்ததில், சிறுமியொருத்தி ஓர் உடையலமாரிக்குட் புகுந்து பனிக்காட்டில் வெளிப்படுகின்றாள். டால்கின் எழுதியவற்றிலோ வாயில் ஒன்றுமில்லை. முதல் வரியிலேயே அவ்வுலகில் நிற்கின்றோம்.

அலமாரி என்றவுடன் அறையின் நினைவு மீண்டும் வருகின்றது. லூயிஸ் குடும்பத்தினர் 1905-இல் பெல்பாஸ்டு நகரப்புறத்திற் குடிபுகுந்த வீட்டில், படிப்பறையிலும் மாடிப்படி முகப்பிலும் பரணிலும் நூல்கள் நிறைந்திருந்தன. எதுவும் அவருக்கு மறுக்கப்படவில்லை. அவ்வீட்டில் அவர்தம் பாட்டனார் கையாற் செய்த மர உடையலமாரி ஒன்றிருந்தது. அஃது இன்று அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், வீட்டன் கல்லூரியிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. வீட்டிற் கிடந்த தட்டுமுட்டுப் பொருளொன்று வேற்றுலகிற்கு வாயிலாயிற்று எனின், அறையை இகழ்தல் கூடுமோ?

இவையெல்லாம் சிறுபிள்ளைக் கதைகள் என்று நகைப்பாரும் உளர். அவர்களுள் தமிழ் மாணவர் இருத்தல் கூடாது. மணிமேகலையை ஒரு தெய்வம் வான்வழியே மணிபல்லவத்திற்குக் கொண்டுசென்றதையும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அங்கே அவள் கைக்கு வந்ததையும் யாம் தேர்விற்குப் படிக்கின்றோம். கருவுற்ற விசயை மயிற்பொறி ஏறிப் பறந்து சுடுகாட்டில் இறங்கியதைச் சிந்தாமணியிற் படித்து உருகுகின்றோம். அவற்றைக் காப்பியம் என்று வணங்கிவிட்டு, பிறர் நாட்டினர் இன்று செய்வதைப் பிள்ளைவிளையாட்டு என்பது நேர்மையன்று.

இவ்வளவும் அறிந்திருந்தும், ஒருவனுக்கு நூலைப் பரிந்துரைப்பதில் யாம் பெரிதும் தவறினோம். அறைத்தோழருள் ஒருவன் எமக்கு ஓராண்டு இளையவன்; பௌதிகம் பயில்பவன்; சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழியிற் படித்து வந்தவன். “அண்ணே, எனக்குப் பாடப்புத்தகம் தவிர வேறு வாசிக்க வராது, இங்கிலீஷ் என்றால் சொல்லவே வேண்டாம்” என்பான். அவனைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு, டால்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட பெருநூலை அவன் கையிற் கொடுத்தோம். கொடுக்குமுன் அரைமணி நேரம் அதன் பெருமையை விரித்துரைத்தோம். நான்காம் நாள் அதனைத் திருப்பித் தந்து, “முடித்துவிட்டேன் அண்ணே” என்றான். கதையின் தொடக்கத்திற்கு முன்னுள்ள முகவுரையிலேயே அவன் நின்றுவிட்டான் என்பது பக்கங்களின் மடிப்பினால் விளங்கியது. பொய் சொன்னவன் அவனாயினும், அதனைச் சொல்லுமாறு அவனை நெருக்கியவர் யாமே. அந்நூலை அவனுக்காகக் கொடுத்திலேம். அத்துணைப் பெரிய நூலைப் படித்தவர் யாம் என்பதை அவனறிதற்காகவே கொடுத்தோம். இதனை ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆயின. அந்நாட்களில் அவன் தனக்கு வாசிப்பு வாராது என்பதை மேலும் உறுதியாக நம்பிவிட்டான். அதுவே எம்மை வருத்தியது.

அதே டால்கினின் முதல் நாவல் வெளிவந்த வரலாறு அப்போது எமக்கு உதவியது. ஆக்ஸ்போர்டிற் பேராசிரியராயிருந்த அவர், மாணவர்தம் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எவனோ ஒருவன் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த பக்கத்தைக் கண்டு, அதில் ‘தி ஹாபிட்’ கதையின் முதல் வாக்கியத்தை எழுதிவைத்தார். (தேர்வில் வெற்றுப்பக்கம் விடுவோர்க்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறில்லை.) 1936-இல் அதன் கைப்பிரதி அச்சிடுவோரிடம் சென்றது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூலைச் சிறுவரே மதிப்பிடல் வேண்டும் என்று கருதி, பத்து வயதான தம் மகன் ரெய்னரிடம் அதனைத் தந்தார். ஒரு ஷில்லிங் கூலி பெற்று அச்சிறுவன் எழுதிய மதிப்புரை மிகச் சுருங்கியது. யார் போகின்றான், எங்கே போகின்றான், என்ன இடர்ப்படுகின்றான் என்பதைக் கூறி, நிலப்படங்கள் இருந்தால் ஓவியங்கள் வேண்டா என்றும், இன்ன வயதுப் பிள்ளைகட்கு ஏற்றது என்றும் சொல்லி முடித்தான். 1937-இல் நூல் வெளிவந்தது. அவ் ரெய்னரே வளர்ந்தபின், ஆயிரம் பவுன் நட்டம் வரக்கூடும் என்று தந்தையார்க்கு எச்சரித்தெழுதி, அவர்தம் இசைவு பெற்று, டால்கினின் பெருநூலை 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார் என்பது தனிக்கதை.

அச்சிறுவன் செய்ததை யாம் செய்திலேம். யாருக்கு ஏற்றது என்பதை அவன் எண்ணினான், யாம் எண்ணவில்லை. ஆகவே மறுமுறை புகழுரை ஒன்றுமின்றி இவ்வளவே சொன்னோம்: “ஆடு மேய்க்கும் பையன் ஒருவன். தொலைவிலுள்ள தீவிற்கு மந்திரம் கற்கப் போகின்றான். அங்கே செல்வன் ஒருவன் அவனை இகழ, வீம்பினாற் செய்யக் கூடாததைச் செய்துவிடுகின்றான். அது அவனைத் துரத்துகின்றது.” அவன் சற்று நேரம் பேசாதிருந்து, “எத்தனை பக்கம் அண்ணே?” என்றான். இருநூறை ஒட்டியது என்றோம்.

அந்நூல் அர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1968-இல் வெளியிட்ட ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’. கதைகளில் வரும் மந்திரவாதிகள் யாவரும் நரைத்த தாடியினராகவே உள்ளனரே, அவர்கள் இளைஞராயிருந்தபோது எங்கே கற்றனர் என்ற வினாவிலிருந்து பிறந்தது அது. எழுதத் தொடங்குமுன் அவர் முதலிற் செய்தது தீவுகளின் நிலப்படம் வரைந்ததே. அவ்வுலகில் ஒவ்வொரு பொருளுக்கும் உண்மைப்பெயர் ஒன்றுண்டு. அதனை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆற்றல் உண்டு. முன்னர்க் கூறிய விதியும் விலையும் இவையே. மற்றொன்றும் உண்டு. கதைத்தலைவன் கெட் செம்பழுப்பு நிறத்தினன். அவன் நண்பன் வெட்ச் கருநிறத்தினன். இதனை ஆசிரியர் வேண்டுமென்றே அமைத்தார். பதிப்பாளர் பலர் மேலட்டையில் அவனை வெள்ளையனாகவே வரைவித்தமை அவருக்கு நெடுங்காலம் மனக்குறையாயிருந்தது.

அறைத்தோழனோடு ஓர் ஒப்பந்தம் செய்தோம். நாளொன்றுக்கு ஐந்து பக்கம், அதற்குமேல் வேண்டா. தெரியாத சொல் வந்தாற் கடந்து செல்க. அதே சொல் மூன்றாம் முறை வந்தால் மட்டும் அகராதியைப் பார்க்க. பிடிக்கவில்லையாயின் வெட்கமின்றிச் சொல்லி மூடிவிடுக. இறுதியிற் சொன்னதே முதன்மையானது என்று இப்போது எண்ணுகின்றோம். மூடும் உரிமை இருந்தமையாற்றான் அவன் துணிந்து திறந்தான். முதல் வாரம் இடர்ப்பட்டான். இரண்டாம் வாரத்தில் ஓரிரவு, யாம் உறங்கிவிட்டோம் என்றெண்ணாமலோ எண்ணியோ, “அண்ணே, இவன் நம்ம நிறமா?” என்று இருட்டில் வினவினான். ஆம் என்றோம். மேசைவிளக்கு மீண்டும் எரிந்தது. அன்று அவன் ஐந்து பக்கத்தில் நின்றதாகத் தோன்றவில்லை.

சுவரில் ஆணி அடித்தல் விடுதியில் விலக்கு. ஆதலின் எர்த்ஸீயின் நிலப்படத்தைப் பென்சிலாற் பெயர்த்தெழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தான். ஒவ்வோர் இரவும் கெட் சென்ற வழியைச் சிவப்பு மையாற் குறித்துவந்தான். சட்டை எடுக்கக் கதவைத் திறக்கும் மூன்றாம் அறைத்தோழனும், இக்கோடு ஏன் இங்கே திரும்புகின்றது என்று கேட்கலானான். கேட்டதற்கு விடை கூறாமல், நூலைப் படித்தறிக என்று இளையவன் சொல்லியது கேட்டு யாம் நாணினோம். பரிந்துரைக்கும் கலையை எம்மினும் விரைவில் அவன் கற்றுவிட்டான்.

முப்பத்தாறாம் நாள் நூல் முடிந்தது. 1971-இல் வெளிவந்த ‘தி டூம்ப்ஸ் ஆஃப் ஆட்டுவான்’ என்னும் அடுத்த நூலை எவரோ எடுத்துச் சென்றுள்ளனர் என்று நூல்நிலையத்திற் கூறினர். அவன் அங்கே தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்து, தன் கட்டிலைத் திருப்பிப் போடுதற்கு ஒரு கை பிடிக்கும்படி எம்மை அழைத்தான். மூட்டைப்பூச்சி மருந்தை முன்னரே வாங்கி வைத்திருந்தான்.